நியோலிதிக் என்றால் புதிய கற்காலம். சரி, எதில் புதிது?

ஒன்பதாயிரம் வருஷத்துக்கு முந்தைய வீட்டைப் பற்றி எழுத உட்கார்ந்து, ‘புதிய’ என்று ஆரம்பிக்க வேண்டியிருப்பது கொஞ்சம் வேடிக்கைதான். நியோலிதிக் என்ற சொல்லுக்கு நம் பாடப்புத்தகங்கள் தரும் ‘புதிய கற்காலம்’ சரியான சொல்தான், அதில் சண்டை இல்லை. ஆனால் அங்கே புதிதாக இருந்தது என்ன என்று கேட்டால் பாதிப் பேர் முழிக்கிறோம்.

கிரேக்கத்தில் நியோஸ் என்றால் புதிய, லித்தோஸ் என்றால் கல். இரண்டையும் ஒட்டி 1865-ல் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜான் லப்பக் என்ற ஆங்கிலேயர். தொழில் வங்கி, ஆசை தொல்பொருள். பழங்காலத்தைக் கல், வெண்கலம், இரும்பு என்று டென்மார்க்கின் தாம்சன் ஏற்கெனவே மூன்றாகப் பிரித்திருந்தார். அதில் கல் பகுதி மட்டும் அனுமார் வால் மாதிரி நீண்டுகொண்டே போனதால் லப்பக் அதை இரண்டாக வெட்டினார். கல்லைக் கொத்திச் சில்லெடுத்து அப்படியே பயன்படுத்தியது பழைய காலம், கொத்திய கல்லைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கியது புதிய காலம். அவ்வளவுதான், அந்த ‘புதிய’ குறித்தது ஒரு கற்கோடரியின் வழவழப்பை. (அந்த மாதிரிக் கோடரிகள் நம் பக்கமும் உண்டு. திருப்பத்தூர் மாவட்டம் பையம்பள்ளியில் தோண்டி எடுத்திருக்கிறார்கள். சேர்வராயன் மலை ஊர்களில் கோயிலில் வைத்துக் கும்பிடவே செய்கிறார்கள்.)

அப்புறம் சொல்லின் பொருள் மெல்ல நகர்ந்துவிட்டது. 1930-களில் தொல்லியலாளர் கார்டன் சைல்டு ‘புதிய கற்காலப் புரட்சி’ என்று பேச ஆரம்பித்த பிறகு, கோடரி பின்னால் போய் விதைப்பது, ஆடு வளர்ப்பது, ஒரே இடத்தில் வீடு கட்டிக் குடியிருப்பது ஆகியவை முன்னால் வந்தன. புரட்சி என்ற சொல் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, பல ஆயிரம் வருஷம் இழுத்த ஒன்றைப் புரட்சி என்பார்களா? எப்படியோ, பெயரில் கல் அப்படியே நின்றுவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் எங்கே திரும்பினாலும் மண்.

துருக்கியில் கொன்யா சமவெளியில் இருக்கும் சாத்தல்ஹூயூக்கை எடுத்துக்கொள்ளுங்கள். துருக்கி மொழியில் சாத்தல் என்றால் கவை, ஹூயூக் என்றால் மேடு. கவைமேடு என்றே சொல்லலாம். 1958-ல் ஜேம்ஸ் மெல்லார்ட் கண்டுபிடித்தார், 1993 முதல் கால் நூற்றாண்டு இயன் ஹாடர் குழு தோண்டியது. கி.மு. 7100 வாக்கில் ஆரம்பித்து ஆயிரம் வருஷத்துக்கும் மேல் மக்கள் அங்கே வாழ்ந்திருக்கிறார்கள். வீடு பழசானால் மேல்பகுதியை இடித்து, உள்ளே மண்ணை நிரப்பி, அதே இடத்தில் அதே அளவில் அடுத்த வீடு. இப்படி வீட்டின் மேல் வீடாக ஏறி ஏறித்தான் அந்த மேடு 20 மீட்டர் உயர்ந்திருக்கிறது.

சுடாத செங்கல் சுவர்கள், வீட்டோடு வீடு ஒட்டிக்கொண்டு நிற்கும். தெரு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. நடமாட்டமெல்லாம் மொட்டை மாடியில்தான், கூரையில் இருக்கும் திறப்பு வழியாக ஏணியில் உள்ளே இறங்க வேண்டும். அந்த ஏணி சாய்ந்திருந்த தடம் தெற்குச் சுவர்ப் பூச்சில் சாய்வாக இன்றும் தெரிகிறது. ஏணிக்குக் கீழேயே அடுப்பு, உள்ளே இறங்குகிற அதே ஓட்டை வழியாகத்தான் புகை வெளியே போக வேண்டும். போகுமா? அங்கே புதைக்கப்பட்ட வயதானவர்கள் சிலரின் விலா எலும்புகளில் உள்பக்கமாகக் கரி படிந்திருந்தது. ஆயுள் முழுக்கச் சாணிப் புகையையும் விறகுப் புகையையும் குடித்த நுரையீரலின் மிச்சம் அது.

ஆனால் அழுக்கான வீடு என்று நினைத்துவிடாதீர்கள். அடுப்புப் பக்கம் சாம்பலும் சில்லுக்கற்களும் கிடக்க, வடக்குப் பக்கம் சற்று உயர்ந்த திண்ணைகள் வெள்ளை மண் பூசிச் சுத்தமாக இருக்கும். சுவரையும் திரும்பத் திரும்ப மெழுகியிருக்கிறார்கள். சில சுவர்களை வெட்டிப் பார்த்தால் காகிதம் மாதிரி மெல்லிய பூச்சுகள் நூற்றுக்கணக்கில், நடுநடுவே புகைக்கரிக் கோடுகள். பக்கத்து அறையில் களிமண் குதிர்கள், அதில் கோதுமையும் பார்லியும் பருப்பும். தானியம் இருந்தால் எலி இல்லாமலா, அதன் எலும்பும் கிடைத்திருக்கிறது. தொடக்கத்தில் சமையலுக்குப் பானை கிடையாது. களிமண் உருண்டைகளைத் தணலில் போட்டுச் சூடேற்றி, கூடையிலோ தோல்பையிலோ இருக்கும் உணவில் போட்டு வேகவைத்திருக்க வேண்டும் என்கிறார்கள். அந்த வெள்ளைத் திண்ணைக்கு அடியில்தான் செத்தவர்களை முழங்காலை மடக்கிப் புதைத்தார்கள், ஒரே வீட்டில் 60 பேருக்கு மேல்கூட. மேலே மெழுகிவிட்டு வாழ்க்கை நடந்துகொண்டிருந்திருக்கிறது.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். கல்லும் காலமும் சேர்ந்தால் கற்காலம், இது எல்லாருக்கும் தெரியும். தப்பு நடப்பது முன்பாதியில்: ‘புதியக் கற்காலம்’ என்று நடுவில் ஒரு க் போடுகிறார்கள். புதிய என்பதற்குப் பின்னால் வல்லினம் மிகாது. புது என்று எழுதினால் மிகும், புதுக்கவிதை மாதிரி புதுக்கற்காலம். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது, புழக்கம்தான் குறைவு. இந்தியிலிருந்து எடுத்து ‘நவபாஷாண யுகம்’ என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள். அங்கே நவ என்றால் புதிய, பாஷாணம் என்றால் கல். நமக்கு நவபாஷாணம் என்றால் ஒன்பது விஷம், பழனி முருகன் சிலை. படிக்கிறவர் மனசு நேராக மலையேறிவிடும்.

தொல்லியல் எழுதுகிறவர்களுக்கு உண்மையில் தலைவலி தருவது இந்தக் காலத்தின் முதல் பகுதி. பாலஸ்தீனத்தின் பழைய ஊரான ஜெரிக்கோவைத் தோண்டிய தொல்லியலாளர் காத்லீன் கென்யன், வீடும் விவசாயமும் வந்துவிட்டன ஆனால் மட்பாண்டம் வரவில்லை என்ற கட்டத்துக்குத் தனிப்பெயர் வைத்தார். அதை ‘மட்பாண்டங்களுக்கு முந்தைய புதிய கற்காலம்’ என்று ஒவ்வொரு வரியிலும் எழுதினால் பத்தியே நிரம்பிவிடுகிறது. நான் ‘பானையறியாப் புதிய கற்காலம்’ என்று எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இங்கே ப் கட்டாயம் மிகும்.