ஸ்கோப்: தொலைநோக்கியா, குறிநோக்கியா?

கோடியக்கரை காட்டுக்குள் நுழைகிற இடத்துச் சோதனைச் சாவடி. மார்கழிக் காலை. பூநாரை பார்க்கலாம் என்று திருத்துறைப்பூண்டியிலிருந்து நாலு பேர் கிளம்பிப் போயிருந்தோம். "பையில என்ன?" என்று வனக் காவலர் கேட்டார். கூட வந்த தம்பி கொஞ்சம் பெருமையாகவே, "ஸ்கோப் சார்" என்றான். அவர் முகம் மாறிவிட்டது. "ஸ்கோப்பா? துப்பாக்கி எங்க?"

பையைத் திறந்து, முக்காலியையும் பறவை பார்க்கிற குழலையும் வெளியே எடுத்து, அவரையே ஒரு கண் பார்க்கச் சொன்ன பிறகுதான் வண்டி நகர்ந்தது. அவர் கேட்டதில் தப்பே இல்லை. 1967-இல் சரணாலயம் ஆன இடம், வெளிமான் மேய்கிற புல்வெளி. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அங்கே துப்பாக்கிக்கு வேலை கிடையாது. தப்பு எங்கள் பக்கம்தான்: இரண்டு வெவ்வேறு பொருளுக்கு ஒரே பெயரை வைத்துக்கொண்டு திரிகிறோம்.

இரண்டு என்பதுகூடக் குறைவு. கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் எங்கள் ஊர் டீக்கடையில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் பத்து ஸ்கோப் காதில் விழும். "சிவிலுக்கு இப்ப ஸ்கோப் இருக்கா?", "அக்ரி படிச்சா ஸ்கோப் உண்டுங்கிறாங்க." டாக்டர் கழுத்தில் தொங்குவது ஸ்டெதாஸ்கோப். தாத்தா காலத்துத் திருவிழாப் பெட்டி பயாஸ்கோப். எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே.

கிரேக்கத்தில் 'ஸ்கோபோஸ்' என்றொரு சொல். அதற்கு இரண்டு பொருள்: உயரத்தில் நின்று பார்க்கிற காவல்காரன் ஒன்று, அவன் குறி வைக்கிற இலக்கு இன்னொன்று. பார்க்கிறவனுக்கும் பார்க்கப்படுவதற்கும் ஒரே பெயர். இலக்கு என்ற பொருள் இத்தாலிய மொழியில் 'ஸ்கோப்போ' ஆகி, குறிக்கோள் என்று விரிந்து, ஆங்கிலத்துக்குள் போய் வாய்ப்பு, பரப்பு என்றெல்லாம் கிளைத்தது. டீக்கடை ஸ்கோப் அந்த வழி வந்தது. பார்ப்பது என்ற பொருள் கருவிகளின் பக்கம் போயிற்று. கலிலியோவின் குழலுக்கு 1611-இல் ரோமில் ஒரு விருந்தில் 'டெலஸ்கோப்' என்று பெயர் வைத்தார்கள். வைத்தவர் டெமிசியானி என்ற கிரேக்க அறிஞர். 'டெலெ' என்றால் தொலைவு. நாம் சொல்கிற தொலைநோக்கி அதற்கு அச்சு அசலான தமிழ்.

நமக்கு இது புதிய சங்கதி இல்லை. நோக்கு என்றால் பார்வை, நோக்கம் என்றால் எண்ணி இருப்பது. குறி என்றால் அடையாளம், இலக்கு; குறிக்கோள் என்றால் வாழ்க்கையில் பிடித்துக்கொள்வது. கண்ணில் தொடங்கி எண்ணத்தில் முடிகிற அதே நடையைத் தமிழும் நடந்திருக்கிறது, அதுவும் இரண்டு சொற்களில். அகப்பாடல்களில் காதலர் சந்திக்கும் இடமும் குறிதான்: பகற்குறி, இரவுக்குறி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், விஷயத்துக்கு வெளியேதான். கிரேக்கத்தில் 'எபிஸ்கோபோஸ்' என்றால் மேலிருந்து பார்த்துக்கொள்கிறவர். அதுதான் தேய்ந்து பிஷப் ஆனது. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு அந்தச் சொல்லைக் 'கண்காணி' என்று போட்டிருக்கிறது. அந்தக் கண்காணிதான் பேச்சில் கங்காணி. நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்குப் போன நம் ஊர்க் குடும்பங்களுக்கு அந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. பிஷப்பும் கங்காணியும் துப்பாக்கி மேலிருக்கும் குழாயும் பெயரளவில் ஒரே குடும்பம்!

துப்பாக்கிக்கு வருவோம். அந்தச் சொல்லே துருக்கி வழி வந்தது. "துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி" என்று குறளில் இருக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். அங்கே துப்பு என்பது உணவு, துப்பு ஆக்கி என்று பிரித்தால் மழைதான் பெய்யும், குண்டு வராது. ரைபிள் என்பது குழலின் உள்சுவரில் திருகலாக வெட்டிய வரிகளால் வந்த பெயர். வைக்கோற்புரி முறுக்கியிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களே, அந்த முறுக்கை இரும்புக்குள் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வரி குண்டைச் சுழற்றி விடுகிறது, சுழல்கிற குண்டு நேராகப் போகிறது. குண்டு தூரம் போகத் தொடங்கியதும் கண் பின்தங்கிவிட்டது. 1840 வாக்கில் அமெரிக்காவில் மார்கன் ஜேம்ஸ் என்ற துப்பாக்கிக் கொல்லர், சாப்மன் என்ற பொறியாளர் சொன்னபடி, துப்பாக்கி நீளத்துக்கே ஒரு தொலைநோக்கிக் குழலைச் செய்து மேலே கட்டினார். அதன் பெயர் சுருங்கிச் சுருங்கி வெறும் ஸ்கோப் ஆயிற்று.

ஆக, துப்பாக்கி ஸ்கோப் நேரே 'இலக்கு' என்ற பொருளிலிருந்து வந்ததில்லை. டெலஸ்கோப்பின் வால் அது. அகராதிகளும் செய்தித்தாள்களும் அதைத் தொலைநோக்கி என்று எழுதிவிட்டுப் போவதற்கு இதுதான் காரணம். எனக்கு அதில்தான் சண்டை.

தொலைநோக்கி என்று கேட்டதும் வாங்குகிறவன் மனம் எங்கே போகிறது? எத்தனை மடங்கு பெரிசாகக் காட்டும் என்பதற்குப் போகிறது. நானே போனேன். நண்பன் ஒருவனிடம் ஸ்பிரிங் வைத்த ஏர் ரைபிள் இருக்கிறது. 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் என்றால் 2016 ஆயுத விதிப்படி உரிமம் தேவையில்லாத வகை. களத்து மேட்டில் மண் குவித்து, அதற்கு முன்னால் காகிதம் ஒட்டிச் சுடுவோம். கொக்கு, மடையான் பக்கம் திருப்புவதில்லை என்பது எழுதாத சட்டம். எழுதிய சட்டமும் அதுதான். அதற்கு இணையத்தில் ஒரு ஸ்கோப் வாங்கினேன். பெட்டி மேல் 6-24×50 என்று போட்டிருந்தது. 24 மடங்கு! விலையும் மலிவு.

முதல் நாள் பிரமாதம். நூறு ரவை தாண்டுவதற்குள் குறி இடது பக்கம் ஒதுங்கியது. திருத்தினால் மேலே போனது. நூற்றைம்பதில் உள்ளேயிருந்த கூட்டல் குறியே லேசாகச் சாய்ந்து நின்றது. மார்கழி விடியலில் வயலோரம் கொண்டுபோனபோது கண்ணாடிக்கு உள்பக்கம் பனி பூத்தது. வேட்டியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், உள்ளே பூத்ததை வெளியே துடைத்து என்ன பயன்? நல்ல குழலில் காற்றை எடுத்துவிட்டு நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பி ரப்பர் வளையத்தால் அடைத்திருப்பார்கள். நம் ஈரக் காற்றுக்கு முதலில் விசாரிக்க வேண்டியது அதைத்தான்.

குறி ஏன் ஓடியது என்பது பிறகு புரிந்தது. வெடிமருந்துத் துப்பாக்கி பின்பக்கம் மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் ஏர் ரைபிள் முதலில் பின்னால் உதைத்து, உள்ளே பிஸ்டன் முட்டி நின்றதும் முன்னால் ஒரு வெட்டு வெட்டும். பெரிய வேட்டைத் துப்பாக்கியின் உதையைத் தாங்குகிற ஸ்கோப்கூட இந்த இரட்டை உதைக்கென்று கட்டப்படாவிட்டால் உள்ளே கழன்றுபோகும். 'ஏர் ரைபிளுக்கு ஆகும்' என்று செய்தவரே எழுதித் தந்ததைத்தான் வாங்க வேண்டும். பிடிக்கிற வளையம் வழுக்காமல் ஒரு தடுப்பு ஊசியும் வேண்டும்.

பெட்டி மேல் எண்ணுக்குப் பொருள் எளிது. 3-9×40 என்றால் மூன்று முதல் ஒன்பது மடங்கு வரை மாற்றலாம், முன்கண்ணாடியின் விட்டம் 40 மி.மீ. அந்த 40-ஐ மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். ஒன்பதில் 4.4 மி.மீ. என் 24 மடங்கு வீரனில் 50-ஐ 24-ஆல் வகுத்தால் வெறும் 2 மி.மீ. இருட்டில் நம் கண்மணி 7 மி.மீ. வரை விரியும், அந்தி வெளிச்சத்தில் 2 மி.மீ. வட்டத்தை வைத்துக்கொண்டு என்ன பார்ப்பது? அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்கள் பல பத்தாண்டுகளாக 3-9×40-ஐயே கட்டிக்கொண்டு கிடப்பது சும்மா இல்லை.

பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு சொல் இங்கே உயிரோடு வந்து நிற்கும்: இடமாறு தோற்றப் பிழை. கட்டைவிரலை நீட்டி வரப்புக்கு அந்தப் பக்கத் தென்னை மேல் வைத்து, தலையை அசைத்துப் பாருங்கள். விரல் மரத்தை விட்டு ஓடும். ஸ்கோப்பிலும் இலக்கின் பிம்பமும், உள்ளே கூட்டல் குறி போடுகிற குறியிழையும் ஒரே தளத்தில் விழாவிட்டால் இதேதான் நடக்கும்: தலை அசைந்தால் குறி அசையும். பெரிய ரைபிள்களுக்கான சாதா ஸ்கோப்பில் இதை 100 கெஜத்துக்குச் சரிசெய்து அனுப்புவார்கள். நாங்கள் சுடுவதோ இருபது மீட்டர். தூரத்துக்கேற்பத் திருகிச் சரிசெய்யும் வளையம் உள்ளதாக வாங்க வேண்டும் என்று காசு போன பிறகு தெரிந்துகொண்டேன்.

குறியிழை என்று சொன்னேனே, அதற்கும் ஒரு கதை உண்டு. சுமார் 1640 வாக்கில் இங்கிலாந்தில் வில்லியம் காஸ்காயின் என்பவரின் தொலைநோக்கிக்குள் சிலந்தி ஓர் இழை விட்டிருந்தது. அது பிம்பத்தோடு சேர்ந்து தெளிவாகத் தெரிந்ததைப் பார்த்துத்தான் குழலுக்குள் இழை வைத்துக் குறிபார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. ஆங்கிலத்தில் ரெட்டிகிள் என்கிறார்கள், லத்தீனில் அதற்குச் சின்ன வலை என்று பொருள். நம் ஊர்ப் பொதுப்பணித்துறைக்காரர்கள் வாய்க்கால் மட்டம் பார்க்கிற டம்பி லெவலுக்குள்ளும் இதே இழைதான். அந்தக் காலத்தில் அதற்கும் சிலந்தி நூலையே கட்டுவார்கள். கல்லணைக் கால்வாயான புது ஆற்றுக்கு மட்டம் பார்த்ததும் அப்படி ஓர் இழையை வைத்துத்தான் இருக்கும். பௌதிக ஆய்வகத்தில் குறுக்குக் கம்பி என்று சொல்லிக்கொடுத்தார்கள். எனக்குக் குறுக்கிழை பிடித்திருக்கிறது. கம்பி என்றால் கனமாக இருக்கிறது.

இந்த இழையை எடுத்துவிட்டால் ஸ்கோப் வெறும் தொலைநோக்கி. கோடியக்கரைக்கு நாங்கள் கொண்டுபோன குழலில் இழை இல்லை. அதனால் அதற்குத் தொலைநோக்கி என்ற பெயர் பொருந்துகிறது. துப்பாக்கி மேல் உட்காருவதன் வேலையே இழையைக் குண்டு போகிற வழியோடு பொருத்தி, பொருத்தியதை விடாமல் வைத்திருப்பது. ஆகவே அதைக் குறிநோக்கி என்று சொல்லலாம் என்பது என் கட்சி. நுண்ணோக்கி, தொலைநோக்கி என்ற வரிசையிலும் உட்காருகிறது.

பெயர் மாறினால் கேள்வியும் மாறும். குறிநோக்கி வாங்கப் போகிறவன் "எத்தனை மடங்கு?" என்று கேட்பதற்கு முன்னால் "குறி நிற்குமா?" என்று கேட்பான். அதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. மேலே ஒரு குமிழ், பக்கத்தில் ஒரு குமிழ். திருகினால் சொடுக்குப் போடும். மில்லிரேடியன் என்ற கோண அளவில் செய்ததென்றால், அதில் பத்தில் ஒரு பங்குச் சொடுக்கு 100 மீட்டரில் 1 செ.மீ.; கோண நிமிடக் கணக்கில் செய்ததென்றால் கால் நிமிடச் சொடுக்கு ஏறக்குறைய 7 மி.மீ. நாலு ரவை சுட்டுவிட்டு இருபது சொடுக்கு மேலே, சுடு. இருபது வலது, சுடு. இருபது கீழே, சுடு. இருபது இடது, சுடு. காகிதத்தில் கோலம் போட்டது மாதிரி சதுரம் விழ வேண்டும். கடைசி ரவைகள் தொடங்கிய ஓட்டையிலேயே போய் விழ வேண்டும். என் மலிவுக் குழல் போட்டது சதுரமும் இல்லை, முக்கோணமும் இல்லை. வெகுதூரம் சுடுகிறவர்கள் ஒவ்வொரு தூரத்துக்கும் குமிழைத் திருகித் திருகிச் சுடுவதால், அவர்கள் காசு கொட்டுவது கண்ணாடிக்கு எவ்வளவோ அவ்வளவு இந்தச் சொடுக்குக்கும்.

பெயரில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. தொலைநோக்கியால் யாரை வேண்டுமானாலும் பார்க்கலாம். துப்பாக்கி மேலிருக்கிற குழலால் "யார்ரா அங்க வரப்புல?" என்று பார்த்தால், பார்க்கிற கணமே அந்த ஆள் மேல் குழல்வாய் திரும்பியிருக்கிறது. குறிநோக்கி என்று சொல்லிப் பழகியவன் அதை வேடிக்கை பார்க்க எடுக்க மாட்டான் என்று நம்புகிறேன்.

ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிளுக்கு இந்தக் குழல் கிடையாது. 2008-இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் சின்னத் துளை வழியே பார்த்துத்தான். அதற்குக் காண்துளை என்று ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம்.

என் சொல்லுக்கும் ஒரு வம்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். போன மாதம் அதே தம்பியை மன்னார்குடிக்கு அனுப்பி, "விளையாட்டுச் சாமான் கடையில குறிநோக்கி இருக்கான்னு கேட்டுட்டு வா" என்றேன். திரும்பி வந்தவன், "அண்ணே, குறி பாக்குறவங்க ரெண்டு தெரு தள்ளி இருக்காங்களாம், வெள்ளிக்கிழமைதான் பாப்பாங்களாம்" என்றான்.