வயலை வயலாகவே வைத்திருப்பவருக்குக் கேரள அரசு தரும் பணம்

கேரள அரசின் வேளாண் அலுவலகமான கிருஷி பவனுக்கு வரும் நம் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துத் தமிழ் விவசாயிகள் உர மானியம் கேட்கிறார்கள், விதை கேட்கிறார்கள். நெல்வயல் ராயல்டியைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. விவசாய உதவியாளராக வேலை பார்க்கும் எனக்கு இது பெரிய வருத்தம்.

1970களின் நடுவில் கேரளத்தில் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் விளைந்தது. இன்று சுமார் 2 லட்சம்தான். வீட்டுமனை, செங்கல் சூளை, தென்னை என்று வயல்கள் போய்விட்டன. 2008இல் வந்த சட்டம் வயலை மண் போட்டு மூடுவதைத் தடுத்தது. ஆனால் மூடாமல் காத்தவருக்கு அதனால் வருமானம் எதுவும் இல்லை. அந்தக் குறையைப் போக்கத்தான் 2020இல் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2000 ரூபாய் ராயல்டி தொடங்கினார்கள், பிறகு 3000 ஆக்கினார்கள். வரப்பு கட்டிய வயல் மழைநீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்குகிறது. கேரளத்தின் மற்ற இடங்களைவிட மழை குறைந்து, ஆழியாற்றுத் தண்ணீரை எதிர்பார்த்திருக்கும் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி போன்ற ஊர்களின் கிணறுகளுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

நெல்லுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். வயலின் தன்மையை மாற்றாமல் இடையில் உளுந்து, எள், நிலக்கடலை, காய்கறி வைத்தாலும் உண்டு. தொடர்ந்து 3 வருடம் தரிசாகப் போட்டால் கிடையாது. திரும்பப் பயிர் வைத்த பிறகுதான் விண்ணப்பிக்கலாம்.

பெரும்பாலும் சிக்கல் பெயரில்தான். வயல் இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். அவர் காலமாகி வெகு நாளாகியிருக்கும், பேரன்கள் பொள்ளாச்சியில், கோயம்புத்தூரில். கரம் (நிலவரி) மட்டும் அவர் பெயரிலேயே கட்டிக்கொண்டு வருவார்கள். நடப்பு ஆண்டு கர ரசீது உங்கள் பெயரில் இல்லாமல் விண்ணப்பம் நகராது. முதலில் வில்லேஜ் ஆபீஸில் ‘போக்குவரவு’, அதாவது நிலத்தை உங்கள் பெயருக்கு மாற்றும் பதிவு, செய்யுங்கள். ஆதாரில் இனிஷியல், நிலப் பத்திரத்தில் வீட்டுப்பெயரோடு முழுப்பெயர் என்று இருந்தாலும் அங்கேயே கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள். அதன் பிறகு ஆதார், கர ரசீது, பேங்க் பாஸ்புக்கோடு அக்ஷயா சென்டரில் (அரசின் இணையச் சேவை மையம்) வேளாண் துறையின் ‘எய்ம்ஸ்’ (AIMS) இணையதளத்தில் பதியலாம்.

"ஏக்கருக்கு ஆயிரத்துச் சொச்சம், அதுக்கு இவ்வளவு அலைச்சலா சார்?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயம்தான், தொகை இன்னும் கூட வேண்டும் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் பயிர்க் காப்பீடு, வெள்ளத்தில், வறட்சியில் போன பயிருக்கு நஷ்டஈடு இரண்டுக்கும் விண்ணப்பம் போவது இதே எய்ம்ஸ் வழியாகத்தான். பயிர் போன பிறகு பெயரைச் சரிசெய்ய ஓடினால் அதற்குள் கெடு முடிந்துவிடும்.

இன்னொன்று. இந்தப் பணம் வயலின் சொந்தக்காரருக்கு வருவது. வாய்ப்பேச்சில் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்து உழுபவருக்கு இதில் பங்கில்லை. வரப்பு வெட்டி, மடை திருப்பி அந்த வயலை வயலாக வைத்திருப்பவர் அவர்தான். இந்தத் தொகையையாவது பாட்டத்தில் கழித்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் வரும் உடமைக்காரர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். சிலர் செய்கிறார்கள்.