அப்பத்தா மண்டையைப் போட்டார் என்று சொல்லலாமா?

யாங்கோனில் நம் பிள்ளைகளை ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்குத் தயார்படுத்துவது என் வேலை. பேச்சுப் பயிற்சியில் ஒரு பெண்ணிடம், உன்னை வளர்த்தது யார் என்று கேட்டேன். அப்பத்தாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவள் கண் கலங்கி, "ஷி கிக்ட் தி பக்கெட் லாஸ்ட் இயர்" என்றாள். இடியம், அதாவது மரபுத்தொடர், சேர்த்தால் மதிப்பெண் கூடும் என்று யாரோ ஒரு பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.

"துக்க வீட்டுல போய், அப்பத்தா மண்டையைப் போட்டுட்டாங்கன்னு சொல்வியாம்மா?" என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டாள். காலமானார் என்பதற்கு ஆங்கிலத்தில் பாஸ்ட் அவே இருக்கிறது. அது ஒரு ஃப்ரேசல் வெர்ப், அதாவது வினையோடு ஒரு குட்டிச் சொல் சேர்ந்து தனிப் பொருள் தருவது.

ஃப்ரேசல் வெர்ப் எல்லாமே கொச்சை, கட்டுரையில் தொடவே கூடாது என்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கேரி அவுட் ரிசர்ச் என்று ஆய்வுக் கட்டுரையிலேயே எழுதுகிறார்கள். நண்பனுக்கு எழுதும் கடிதத்தில் கேட்ச் அப் தாராளமாக வரலாம். ஆனால் 250 சொல் கட்டுரையில் எ பீஸ் ஆஃப் கேக் என்று எழுதுவது, மேடையில் ஏறி 'சப்ப மேட்டரு' என்பது போல. சொல்வளத்துக்குக் கால் பங்கு மதிப்பெண்தான். அங்கேயும் எண்ணிக்கையை விட, பொருத்தம்தான் பேசும்.

இலக்கணத்தில் ஒரே ஒரு இடம் அடிக்கடி வழுக்கும். தள்ளிப்போடு என்பதற்குப் புட் இட் ஆஃப் என்றுதான் வரும், புட் ஆஃப் இட் என்று வராது. ஆனால் பார்த்துக்கொள் என்பதற்கான லுக் ஆஃப்டர் இட் பிரியாது. சொல்லைப் படிக்கும்போதே இட் சேர்த்துப் படித்துவிடுங்கள்.

அப்புறம் உச்சரிப்பு. பர்மியத்தில் சொல்லின் கடைசியில் வரும் ட், ப் எல்லாம் தொண்டையிலேயே நின்றுவிடும். அந்தப் பழக்கத்தில், பொறுத்துக்கொள் என்பதற்கான புட் அப் வித் என்பது 'பு அ வி' ஆகிறது. வீட்டில் தமிழே பேசும் பிள்ளைகளோ 'புட்டு அப்பு' என்று பலகாரக் கடை வைக்கிறார்கள். ஃப்ரேசல் வெர்பில் பொருளே அந்தக் குட்டிச் சொல்லில்தான் இருக்கிறது, அதை விழுங்கினால் என்ன மிஞ்சும்?

மழை பற்றிக் கேட்டால் உடனே கேட்ஸ் அண்ட் டாக்ஸ் வேண்டாமே, பழைய சரக்கு. மே முதல் அக்டோபர் வரை கொட்டும் நம்மூர் மழைக்கு இட்ஸ் போரிங் (pouring) டவுன் போதும். முதல் எழுத்தை மட்டும் காற்றை ஊதிச் சொல்லுங்கள். இல்லையென்றால் அது boring என்று கேட்டு, மழை சலிப்பாக இருக்கிறது என்று தேர்வாளர் எழுதிக்கொள்வார்.