டுகாங், கடற்பசு, ஆவுளியா

கடல்வாழ் உயிர்களின் பாதுகாப்புக்கு ஆதரவு திரட்ட, மதுரைக் கல்லூரி மாணவர்கள் சிலர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பதாகைகளோடு கரிமேட்டு மீன் கடைகளின் வழியே நடந்தபோது, பதாகைகளின் தமிழைப் பிழைதிருத்திக் கொடுத்தவன் என்ற முறையில் நானும் உடன் சென்றிருந்தேன். தொண்டிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே மீன் விற்கும் முதிய பெண்மணி ஒருவர், 'டுகாங்குகளைக் காப்போம்' என்ற வரியை எழுத்துக்கூட்டிப் படித்தார், கீழிருந்த படத்தையும் பார்த்துவிட்டு, செதில் சீவும் கையை நிறுத்தாமலே, "இது ஆவுளியால்ல தம்பி? அப்படியே எழுத வேண்டியதுதானே?" என்றார். டுகாங், ஆவுளியா இரண்டும் கடற்புல் மேயும் ஒரே பாலூட்டியின் பெயர்கள். கேள்வி மாணவனிடம் கேட்கப்பட்டாலும், விடை சொல்ல வேண்டியவன் நான்தான்.

'டுகாங்' ஆங்கிலத்தின் வழியாக நமக்கு வந்ததே தவிர, ஆங்கிலச் சொல் அன்று. மலாய் மொழியின் 'டுயோங்' என்பதையே அதன் மூலமாகப் பல அகராதிகள் காட்டுகின்றன. பிலிப்பைன்ஸ் தீவுகளின் விசாய மொழிகளிலிருந்து பிறந்தது என்பாரும் உளர். பிரெஞ்சு இயற்கையியலாளர் புஃபோன் 18ஆம் நூற்றாண்டில் எடுத்தாண்ட பிறகு அது ஐரோப்பிய மொழிகளில் நிலைபெற்று, 'டுகாங் டுகான்' என்று அறிவியல் பெயராகவும் ஆயிற்று. எங்கோ ஒரு கரையில் கடலோடிகள் பேசிய சொல் உலக அறிவியலுக்குத் தகுமானால், பாக் விரிகுடாக் கரையில் நம் கடலோடிகள் பேசும் சொல்லை மட்டும் வட்டார வழக்கு என்று ஒதுக்குவதில் நியாயம் இல்லை.

அரசு அறிவிப்புகளிலும் நாளிதழ்களிலும் பரவியிருப்பது 'கடற்பசு'. கடல், பசு என்னும் இரு சொற்கள் புணரும்போது லகரம் றகரமாகத் திரியும் என்பதால், 'கடல்பசு' என்று எழுதுவதைவிடக் 'கடற்பசு' என்பதே மரபு. பெயர்ப் பொருத்தம் மேய்ச்சலில் இருக்கிறது, உறவில் இல்லை. சுமார் 3 மீட்டர் வரை வளரும் இந்தப் பாலூட்டி, ஆழமற்ற கடலடியில் கடற்புல்லை வேரோடு பறித்துத் தின்றுகொண்டே நகரும். அது மேய்ந்த தடம், புல்வெளிக்கு நடுவே வெட்டிய வாய்க்கால்போல் நெடுகத் தெரியும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். அதன் இனத்தையே சேர்ந்த மனாட்டி என்னும் நீர்வாழ் பாலூட்டிகளை விட்டால், இன்று வாழும் உயிர்களில் அதற்கு நெருங்கிய உறவு யானையே அன்றிப் பசு அன்று. ஆயினும் 'கடல்யானை' என்று மாற்றிவிட முடியாது; அப்பெயர் ஏற்கெனவே சீல் இனத்தில் ஒன்றுக்கு வழங்குகிறது. சில ஊர்களில் சொல்லப்படும் 'கடற்பன்றி' என்பதும் ஓங்கில் (டால்பின்) இனத்தோடு குழப்பத்தை உண்டாக்கும்.

இவ்விடத்தில் இன்னொரு பிழையையும் சொல்லியாக வேண்டும். 'கடற்பசு பாசியைத் தின்னும்' என்று பலர் எழுதுகிறார்கள். பாசிக்கு உண்மையான வேர் இல்லை, பூவும் இல்லை. கடற்புல்லோ வேரூன்றி, கடலுக்குள்ளேயே பூத்துக் காய்க்கும் தாவரம். அந்தப் புல்வெளி அழிந்தால் அதனை நம்பியிருக்கும் இந்த உயிருக்கு மேய்ச்சல் இல்லை. ஆகவே புல்லைப் பாசி என்பது, காக்க வேண்டிய பொருளையே மாற்றிச் சொல்வதாகும்.

'ஆவுளியா' என்பதில் 'ஆ' என்ற பசுவைக் கண்டு மகிழும் நண்பர்கள் எனக்கு உண்டு. ஓசை ஒன்றையே சான்றாகக் கொண்டு பிறப்புக் கூறுவது முறையன்று என்பதால் அவர்களோடு நான் சேரவில்லை. அந்தச் சொல்லின் தகுதிக்குப் பிறப்பு ஆராய்ச்சி தேவையும் இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒரு குட்டி என்ற அளவில் மட்டுமே பெருகும் இந்த விலங்கு, வலையில் சிக்கினால் மேலே வர இயலாமல் மூச்சடைத்து இறந்துபோகும். அந்த நேரத்தில் வலையை அறுத்து விடுவிக்கக்கூடியவர் அங்கிருக்கும் மீனவர் ஒருவரே. அப்படி விடுவித்தவர்களுக்குத் தமிழ்நாடு வனத்துறை பரிசளித்துச் சிறப்பித்திருக்கிறது. வலை சேதமானால் அது ஒரு குடும்பத்தின் முதலீடே சேதமாவது என்பதை மதுரையில் இருப்போர் மறந்துவிடுகிறோம். அந்த மீனவர் வாயில் வழங்கும் பெயர் ஆவுளியா.

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை அரசு 'கடற்பசு பாதுகாப்பகம்' என்று அறிவித்தது. அதைச் 'சரணாலயம்' என்று எழுதுவது சட்டப்படி தவறு. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு வகைகள். பாதுகாப்பகம் என்பது உள்ளூர் மக்களைக் கலந்துகொண்டு அமைக்கப்படுவது. சரணாலயம் என்ற சொல் கரையில் 'இனி மீன்பிடிக்க விடமாட்டார்கள்' என்றே கேட்கும்.

மாணவர்கள் பதாகையை மாற்றி எழுதினார்கள். இப்போது 'ஆவுளியா' பெரிய எழுத்தில் இருக்கிறது. அதன் அடியில், பள்ளிப்பிள்ளைகளுக்காகக் 'கடற்பசு'. 'டுகாங்', அறிவியல் பெயரின் பகுதியாகக் கீழ் மூலையில்.