பீடி பிடிக்காத ஆச்சிக்கு மூச்சு வாங்குவது ஏன்?

வாழ்நாளில் ஒரு பீடிகூடப் பிடிக்காத பெண்ணுக்கு, காலமெல்லாம் சிகரெட் பிடித்தவருக்கு வரும் அதே நுரையீரல் அடைப்பு நோய் வருவதுண்டு. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கேட்டால், "எல்லாம் அடுப்புப் புகைதான்" என்று வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்தப் பெண் சீமைக்கருவேலங் கரிமூட்டத்தில் வேலை பார்த்திருக்கலாம். சின்ன வயதில் காசநோய் வந்து போயிருக்கலாம். வீட்டுக்காரர் விட்ட பீடிப்புகையைப் பல வருடம் சுவாசித்திருக்கலாம். இவற்றில் எது எவ்வளவு காரணம் என்று பிரித்துக் காட்டுவதுதான் நோய்ப்பரவலியல். முனைவர் பட்டம் முடித்தவர்கள் இதய, நுரையீரல் நோய்களில் இந்த வேலையைப் பழகுவதற்கென்றே இரண்டு மூன்று ஆண்டுப் பயிற்சி உண்டு. போஸ்ட்டாக் என்பார்கள்.

இதயத்தையும் நுரையீரலையும் ஏன் சேர்த்துப் படிக்க வேண்டும்? விறகுப் புகையில் 2.5 மைக்ரானுக்கும் குறைவான துகள்கள் ஏராளம். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கு வடிகட்டாமல் விட்டுவிடும் இவை நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய் அழற்சியைக் கிளப்புகின்றன. அந்த அழற்சி அங்கேயே நிற்பதில்லை. இரத்தம் எளிதாக உறைகிறது, இரத்தக்குழாய்கள் இறுகுகின்றன, ரத்த அழுத்தம் ஏறுகிறது. அதனால் புகை புகுந்தது மூச்சு வழியாக என்றாலும், உயிரை எடுப்பது பல சமயம் மாரடைப்பு.

இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டது அமெரிக்காவின் ஃப்ரேமிங்காம் என்ற சிறு நகரம். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு நேரு அடிக்கல் நாட்டிய அதே 1948இல் அங்கே தொடங்கி 5,209 பேரைப் பதிவு செய்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்தார்கள். நோய் வந்தவரிடம் பழைய கதை கேட்பதற்குப் பதிலாக, நோய் வருவதற்கு முன்பே அளந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். உயர் ரத்த அழுத்தம், கொழுப்பு, சிகரெட் மூன்றும் இதயத்துக்கு ஆபத்து என்று இன்று எல்லோரும் சொல்வதற்கு இந்தப் பொறுமை ஒரு பெரிய காரணம். பேரப்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு அந்த ஆய்வு நீண்டது.

அதே மாதிரி ஒன்றைச் செட்டிநாட்டில் நடத்துவதாக வைத்துக்கொள்வோம்.

முதல் வேலை மூச்சை அளப்பது. ஸ்பைரோமீட்டர் குழாயை வாயில் வைத்து, நெஞ்சு நிறைய இழுத்த காற்றை ஒரே மூச்சில் வெளியே தள்ள வேண்டும். "ஆச்சி, ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்!" என்று பக்கத்தில் நின்று கத்தாவிட்டால் பாதியிலேயே விட்டுவிடுவார்கள். முதல் நொடியில் எவ்வளவு வந்தது, மொத்தம் எவ்வளவு வந்தது என்பதே கணக்கு. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் முதல் நொடியின் பங்கு 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். மூன்று முறையாவது சரியாக ஊத வேண்டும். அவற்றில் சிறந்த இரண்டுக்கும் வித்தியாசம் 150 மில்லியைத் தாண்டக் கூடாது. ஊதுபவர் களைத்துப்போய் வந்த குறைந்த எண்ணை நோய் என்று எழுதிவிடாமல் இருக்கத்தான் இவ்வளவு கெடுபிடி.

அப்புறம் புகை. "விறகா, கேஸா?" என்று கேட்டு எழுதிக்கொண்டால் போதாது. பெரிய நகரத்தார் வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிப் பின்னால் அடுப்படி. திறந்த முற்றம் வழியே புகை போய்விடும். ஓட்டுவீட்டின் ஒற்றை அறையில் அடுப்புக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுக்கிறார்கள். விறகு ஒன்றுதான், உள்ளே போகும் புகை ஒன்றல்ல. பெரிய வீட்டில் சமைத்துவிட்டு ஒற்றை அறைக்குத் திரும்பும் பெண்ணை எந்தக் கணக்கில் எழுதுவது? அதனால்தான் வீட்டை விட்டுவிட்டு ஆளை அளக்கிறார்கள்: சின்ன மீட்டர் ஒன்றை மேலாடையில் மாட்டி, ஒரு நாள் முழுக்க அவர் போகும் இடமெல்லாம் போகவிடுகிறார்கள்.

இதற்கும் மேலே ஒரு சிக்கல். கேஸ் அடுப்பு உள்ள வீட்டில் பொதுவாக வருமானமும் சாப்பாடும் வைத்திய வசதியும் கூடுதல். அந்த வீட்டுப் பெண்ணின் நுரையீரல் நன்றாக இருந்தால் பெருமை அடுப்புக்கா, சாப்பாட்டுக்கா? ஏறத்தாழ ஒரே வசதி உள்ளவர்களுக்குள் ஒப்பிட்டுத்தான் இதைப் பிரிக்க முடியும்.

எனக்கு மிகவும் கவலை தருவது பூட்டிய வீடுகள்தான். பர்மா, மலேயா என்று கிளம்பிப் பழகிய சீமை இது. இப்போது சென்னை, சிங்கப்பூர். ஐந்து வருடம் கழித்து இரண்டாவது பரிசோதனைக்குப் போனால் பல கதவுகளில் பூட்டுத் தொங்கும். மூச்சு முட்டத் தொடங்கியதும் மகன் சென்னைக்குக் கூட்டிப்போன அப்பத்தா கணக்கிலிருந்து விழுந்துவிடுவார். ஊரில் மிஞ்சியவர்கள் திடமானவர்கள். அவர்களை மட்டும் எண்ணினால் அடுப்புப் புகை ஒன்றும் செய்யாது என்றே முடிவு வரும், எண்களில் ஒரு தப்பும் இல்லாமலே. ஆகவே முதல் நாளே மகன், மகள், பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லார் போன் நம்பரையும் வாங்கி வைக்க போஸ்ட்டாக் பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள். இறந்தவர் எதனால் இறந்தார் என்று உறவினரிடம் பக்குவமாகக் கேட்டு எழுதுவதும் பாடத்தில் உண்டு.

எதிர்பார்த்த விடை வராதபோது என்ன செய்வது என்பதும் ஒரு பாடம். இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் அடுப்பும் கேஸும் இலவசமாகக் கொடுத்தார்கள். நம் பக்கம் விழுப்புரமும் நாகப்பட்டினமும் இதில் இருந்தன. கேஸ் கிடைத்தவர்கள் சுவாசித்த துகள் அளவு கனமீட்டருக்கு சுமார் 24 மைக்ரோகிராம், மற்றவர்களுக்கு 71. இறக்கம் பெரியது. ஆனால் 2022இல் வந்த முடிவின்படி குழந்தைகளின் பிறப்பு எடையில் வித்தியாசம் இல்லை.

"கேஸால் பயனில்லை" என்று தலைப்புப் போடுவது சுலபம். பயிற்சி பெற்றவர் அடுத்த கேள்விக்குப் போவார். அடுப்பு வந்து சேர்ந்தபோதே கர்ப்பம் சில மாதம் ஆகியிருந்தது, அது தாமதமா? உலக சுகாதார நிறுவனம் ஆண்டுச் சராசரிக்குச் சொல்லும் 5 மைக்ரோகிராமை வைத்துப் பார்த்தால் 24கூட அதிகம்தானே? பிறப்பு எடை ஒரு பக்கம் இருக்கட்டும், முப்பது வருடம் புகை குடித்த நுரையீரலுக்கு இந்த விடை பொருந்துமா? கடைசிக் கேள்விக்கு விடை வேண்டுமென்றால் வருடக்கணக்காக ஆட்களைத் தொடர வேண்டும்.

இந்த வேலைக்கு டாக்டர்கள் மட்டும் போதாது. புள்ளியியல், உணவியல், சமூகவியல் படித்தவர்களும் தேவை. சென்னையில் ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனமும் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் பொதுச் சுகாதாரத்தில் பட்டம் தருகின்றன. முனைவர் பட்டத்துக்குப் பிறகு ஐ.சி.எம்.ஆர். உதவித்தொகையும் இருக்கிறது. செட்டிநாட்டுக் கல்லூரிகளில் புள்ளியியல் படிக்கும் பிள்ளைகள் வங்கித் தேர்வுக்குப் படிப்பதோடு இந்த வழியையும் ஒருமுறை விசாரித்துப் பார்க்கலாம். ஆச்சிகளிடம் பேசத் தெரிந்த, ஊர்ப் பாதை தெரிந்த ஆட்கள் கிடைக்காமல்தான் பல ஆய்வுகள் திணறுகின்றன.