துரப்பணம்: சொல்லும் பொருளும்

கார் கொட்டகையின் மூலையில் கிடக்கும் பழைய தச்சுப் பெட்டியைத் திறந்தால் உளியையும் இழைப்புளியையும் எவரும் இனங்கண்டுகொள்வர். நடுவில் ‘ப’ போல வளைந்து, ஒரு முனையில் மரக்குமிழும் மறுமுனையில் கவ்வும் வாயும் கொண்ட இரும்புத் தண்டுதான் பலரைத் திகைக்க வைக்கும். ஆங்கிலத்தில் பிரேஸ் எனப்படும் இது, மின்சாரம் வருவதற்கு முன் மரத்தில் துளையிட்ட கருவி. தமிழில் இதற்குப் புதுச்சொல் ஆக்க வேண்டியதில்லை. துரப்பணம் என்ற பழைய சொல்லே போதும்.

‘துர’ என்னும் வினைக்கு விரட்டுதல் என்ற பொருளோடு, குடைதல், துளைத்தல் என்ற பொருளும் உண்டு. சுரங்கத்தைக் குறிக்கும் துரப்பு என்ற சொல்லும் துரப்பணமும் அதிலிருந்து வந்தவை; மலையாளத்திலும் தச்சரின் துளைக்கருவி துரப்பணமே. தேங்காய் துருவுகிறோமே, அந்தத் துருவலும் இச்சொற்களுக்கு உறவுடையது. இந்த உறவு வியப்புக்குரியதன்று, ஏனெனில் வில்லின் கயிற்றைத் தண்டில் சுற்றி முன்னும் பின்னும் இழுத்து இயக்கிய பழைய துரப்பணத்தில், அலகு இருபுறமும் மாறிமாறிச் சுழன்று மரத்தைச் சுரண்டியே துளையிட்டது. சிலர் ‘துறப்பணம்’ என வல்லின றகரமிட்டு எழுதுகின்றனர். ‘துற’ என்பது துறவுக்குரிய வினையாதலால் அது பொருந்தாது. இந்தியில் இக்கருவியைப் பர்மா என்பர். அப்பெயர் கொண்ட நாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வளைந்த தண்டுடைய துரப்பணம் ஒரே திசையில் தொடர்ந்து சுழல்வதால், மரத்தூளை மேலே தள்ளும் திருகலகை அதில் பொருத்த முடிந்தது. வில் துரப்பணத்திலிருந்து பிரித்துக் காட்ட வேண்டுமாயின் இதை வளைபிடித் துரப்பணம் எனலாம். கையில் கிடைத்தது எக்காலத்தது என்று அறிய, அலகைப் பிடிக்கும் வாயைப் பார்க்க வேண்டும். திருகாணி ஒன்றை முடுக்கி அலகை நிறுத்துவது பழைய முறை. உறையைத் திருகினால் உள்ளிருக்கும் இரு தாடைகள் நெருங்கிக் கவ்வும் அமைப்புக்கு அமெரிக்காவில் பார்பர் என்பவர் 1864இல் காப்புரிமை பெற்றார். திருகலகின் சதுர அடிப்பகுதியில் 8 என்று மட்டும் பொறித்திருந்தால் அது அங்குலத்தில் பதினாறில் எட்டு, அதாவது அரை அங்குலத் துளைக்குரியது. அதை மில்லிமீட்டராகக் கொள்வது எளிதில் நேரும் பிழை.

குறுக்குப் பிடியும் திருகு முனையும் கொண்டு ஒரே கையால் முறுக்கும் சிறு கருவி, கிம்லெட், இதனின் வேறானது. அதற்குத் தமரூசி என்னும் சொல் உள்ளது. தமர் என்றால் பலகையில் இடும் துளை. எண்ணெய்க் கிணறு தோண்டும் வேலையைத் துரப்பணப் பணி என்று செய்தித்தாள்கள் எழுதுவதால், இவ்விரு சொற்களில் துரப்பணமாவது இன்னும் வழக்கில் நிற்கிறது.