கிளினிக் ஊழியருக்கும் ஏன் தடுப்பூசி?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களில் கிளினிக் நாளன்று பனிமூட்டம் இறங்கிவிட்டால், கைக்குழந்தைகளுக்குக் குளிர் பிடிக்கக்கூடாதென்று அறையின் ஜன்னல்களைச் சாத்திவிடுவார்கள். சின்னமுத்து (தட்டம்மை) வைரசுக்கு அத்தகைய அறையே வசதியானது. நோயாளி எழுந்து சென்ற பின்னரும் அது இரண்டு மணித்தியாலம் வரை காற்றில் தங்கியிருக்கும்.

இலங்கையில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ஜேர்மன் சின்னமுத்து ஆகிய மூன்றுக்குமான ஊசி 9 மாதத்திலும் 3 வயதிலும் போடப்படுகிறது. மிக முந்திப் போட்டால், கருவிலிருந்தபோது தாயிடமிருந்து குழந்தைக்கு வந்த பிறபொருளெதிரிகள் (கிருமியை எதிர்க்கும் புரதங்கள்), ஊசியிலுள்ள பலவீனமாக்கப்பட்ட வைரசையே செயலிழக்கச் செய்துவிடலாம். அந்தத் தாய்வழிக் காப்போ மாதத்துக்கு மாதம் தேய்ந்துகொண்டு வருகிறது. ஆகவே 4 மாத, 6 மாத ஊசிகளுக்காக மடியில் காத்திருக்கும் பிள்ளைகள் பலர் சின்னமுத்துக்கு எதிராகக் காப்புக் குறைந்தவர்கள். அவர்களை நாமே நாள் குறித்து ஓரிடத்துக்கு அழைக்கிறோம்.

காலையில் லயங்களுக்குச் சென்றுவிட்டுப் பிற்பகல் கிளினிக்கில் நிற்கும் குடும்பநல மாதுவுக்கு நோய் தொற்றியிருந்தால், தோலில் தடிப்புத் தோன்றுவதற்கு நான்கு நாட்கள் முன்பிருந்தே அது அவரிடமிருந்து பரவும். நோய் கண்டபின் லீவு எடுத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு இங்கே உதவாததற்கு இதுவே காரணம். பதிவு மேசையில் இருப்பவருக்கும் அறையைக் கூட்டுபவருக்கும் இது பொருந்தும். வைரசு பதவி பார்ப்பதில்லை.

இந்நாட்டில் சின்னமுத்து ஊசி 1984இல் தொடங்கியது. வழக்கமான இரண்டாம் தடவை 2001இல்தான் சேர்க்கப்பட்டது. இடைப்பட்ட தலைமுறையில் ஒரு தடவை மட்டும் பெற்றவர்கள் இருக்கலாம். ஒரு தடவையின் காப்பு ஏறத்தாழ 93 சதவீதம், இரண்டின் காப்பு 97 சதவீதம். இலங்கையில் ஒழிக்கப்பட்டதாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்த இந்நோய் 2023இல் மீண்டும் தலைகாட்டியதை மறந்துவிட முடியாது.

எனவே ஊழியரிடம் கேட்கப்பட வேண்டியது ஊசி பெற்றதற்கான எழுத்துச் சான்று. “சின்ன வயதில் அம்மை போட்டது” என்ற நினைவு போதாது. நம் பேச்சில் கொப்புளிப்பானும் அம்மைதான், சின்னமுத்தும் அம்மைதான். அட்டை தொலைந்திருந்தால் இரத்தப் பரிசோதனை செய்யலாம், அல்லது நேரே ஊசியைப் போட்டுவிடலாம். ஏற்கெனவே நிர்ப்பீடனம் (நோயெதிர்ப்புக் காப்பு) உள்ளவருக்கு மேலதிகத் தடவையால் தீங்கில்லை. உயிருள்ள வைரசு அடங்கிய ஊசி என்பதால் கர்ப்பிணிகளுக்கும் நோயெதிர்ப்பு கடுமையாகக் குறைந்தவர்களுக்கும் அது தவிர்க்கப்படும்.

குக்கலின் (கக்குவான் இருமலின்) கதை சற்று வேறு. குழந்தைப் பருவத்து ஊசியின் காப்பு வயதுவந்தோரிடம் மங்கிவிடுவதால், குளிர் இருமல் என்று நாம் தள்ளிவிடும் ஒன்று, 2 மாத ஊசியைக்கூடப் பெறாத சிசுவின் மூச்சையே அடைக்கலாம். ஈரல் அழற்சி பி ஊசியோ, ஊசிமுனை குத்தும் ஆபத்திலிருந்து முதலில் ஊழியரையே காக்கிறது.

நிர்ப்பீடனச் சான்றில்லாத ஊழியர் சின்னமுத்து நோயாளியை எதிர்கொள்ள நேர்ந்தால், 72 மணித்தியாலத்துக்குள் ஊசி போட வேண்டும்; ஆயினும் ஐந்தாம் நாளிலிருந்து இருபத்தோராம் நாள்வரை அவரைப் பணியிலிருந்து விலக்கிவைப்பதே சர்வதேச வழிகாட்டல்களில் காணப்படும் நடைமுறை. ஒரே மாதுவை நம்பியிருக்கும் டிவிஷன்களில் அந்த நாட்களின் கிளினிக் தள்ளிப்போகும். 9 மாத ஊசிக்கு வரவேண்டிய பிள்ளையும் அதனால் காத்திருக்க நேரும்.